பழைய போஸ்டர் பாணியில் முப்பரிமாண எழுத்து: முழுமையான வழிகாட்டி

‘ட்ராப் ஷேடோ’ (பின்னால் விழும் மங்கல் நிழல்) போட்ட எழுத்து காகிதத்துக்கு மேலே மிதக்கும். பழைய போஸ்டரில் இருக்கும் எழுத்து மிதக்காது. கனத்த பலகையில் அறுத்தெடுத்துச் சுவரில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். காரணம் அதன் பக்கச் சுவர்தான். எழுத்தின் முகத்துக்குப் பின்னால் ஒரு தடிமன் இருக்கிறது, அந்தத் தடிமனின் வலப்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் வேறொரு நிறம். இந்த இரண்டு நிறங்கள் சரியாக அமைந்துவிட்டால் பளபளப்பு, மங்கல், ஒளிவட்டம் எதுவுமே தேவையில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சுவரைக் கட்டுவது பற்றியதுதான்.

இந்தப் பாணி கணினிக்கு ரொம்ப முந்தையது. லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் 1810-களிலேயே பக்கச் சுவர் உள்ள எழுத்துகளை ஈயத்தில் வார்த்தார். பிறகு சர்க்கஸ் விளம்பரங்களும் பெயர்ப்பலகை ஓவியர்களும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு, தனி மை என்பதால் அச்சுப் போஸ்டர்களில் பெரும்பாலும் ஒரு சில நிறங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் இன்று ‘ரெட்ரோ’ என்று ரசிப்பதில் பாதி அந்தக் கட்டாயம்தான். எனவே மென்பொருளில் உட்காரும்போதும் ஒரு சில நிறங்களோடு நிறுத்திக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த மென்பொருள்?

நான் போட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். அதன் பழைய பதிப்புகளில் இருந்த 3டி மெனு இப்போது கிடையாது, அதை எதிர்பார்க்காதீர்கள். நாம் செய்யப்போவதற்கு அது தேவையும் இல்லை. லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்களை) நகர்த்தத் தெரிந்தால் போதும். உலாவியிலேயே திறக்கும் போட்டோபியாவில் மெனுக்கள் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் திறக்கும். இலவசமான கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓரிடத்தில் குறுக்குவழியே இருக்கிறது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன். மேக்கில் வேலை செய்பவர்கள் கண்ட்ரோல் என்று வரும் இடத்தில் கமாண்ட் என்றும், ஆல்ட் என்று வரும் இடத்தில் ஆப்ஷன் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ்: தேவையைவிட இரண்டு மடங்கு

உங்களுக்கு 2000 பிக்சல் அகலம், 1200 உயரத்தில் படம் வேண்டுமென்றால் 4000-க்கு 2400 என்று புதிய கோப்பைத் திறங்கள். ஆர்ஜிபி, 8 பிட். திரைக்கு மட்டும் என்றால் ரெசொல்யூஷன் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், பிக்சல் கணக்குதான் முக்கியம்.

இரண்டு மடங்கு ஏன் என்றால், நாம் ஒரே எழுத்தின் பிரதிகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல அடுக்கப்போகிறோம். எழுத்தின் விளிம்பில் கண்ணுக்கு மென்மையாகத் தெரிவதற்காகப் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் இருக்கும். அறுபது பிரதி சேரும்போது அந்தப் பாதிப் பிக்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முழு நிறமாகிவிடும். விளிம்பு ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். பெரிதாக வரைந்து கடைசியில் பாதியாகச் சுருக்கினால் அந்தப் பற்கள் மழுங்கிப் போகும்.

பின்னணிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். பழைய காகிதம் வெள்ளையாக இருந்ததில்லை. சிவப்பு 240, பச்சை 222, நீலம் 184 என்று ஒரு வெளிறிய மஞ்சளை நிரப்பிவிடுங்கள்.

எழுத்தைத் தேர்வதும் தட்டச்சு செய்வதும்

எடுத்துக்காட்டுக்கு ‘வானொலி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். பழைய வாசனை உள்ள சொல், அத்தோடு ‘னொ’ என்ற எழுத்து நல்ல பரிசோதனை. தமிழைச் சரியாகக் கையாளாத நிலையில் மென்பொருள் இருந்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் முளைக்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் இப்படி ஆனால் எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் டைப் என்ற பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு திறக்கும் புதிய கோப்பில்தான் மாற்றம் தெரியும். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த சொல் அப்படியே உடைந்து கிடந்தால் பேரக்ராஃப் பேனலின் மூலையில் உள்ள சிறு மெனுவில் ‘வேர்ல்ட் ரெடி’ என்று தொடங்கும் வரியைத் தேர்வு செய்து பாருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தவர்கள் நிறையப் பேர். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இப்போது யூனிகோடிலேயே நல்ல தடித்த எழுத்துருக்கள் வந்துவிட்டதால் அது தேவையில்லை.

எழுத்துரு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பலூ தம்பி 2 உருண்டு திரண்டு இருக்கும், எழுபதுகளின் குமிழ் எழுத்துப் பாணிக்கு ஏற்றது. அனேக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம் என்பதால் நெருக்கமான போஸ்டர் தலைப்புக்கு அதைத்தான் முதலில் எடுப்பேன். நோட்டோ சான்ஸ் தமிழின் மிகத் தடித்த வடிவமும் கேட்டமரானின் 900 எடையும் நேர்த்தியானவை, ஆனால் கொஞ்சம் அலுவலக முகம். மெல்லிய எழுத்துருவை எடுத்து அதற்குத் தடிமன் கொடுத்தால் சுவர் முகத்தைவிடப் பெரிதாகி, கம்பி வேலி மாதிரி ஆகிவிடும்.

சொல் 3400 பிக்சல் அகலம் வரும்படி பெரிதாக்குங்கள். எழுத்தின் உயரம் சுமார் 650 பிக்சல் இருக்கும். டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை, 40 அல்லது 60-க்கு ஏற்றுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கத்திலும் ஒரு சுவர் வந்து உட்கார இடம் வேண்டும். அதற்காக 150, 200 என்று போகக்கூடாது. ‘வா’வின் கால் வகரத்தைவிட்டு விலகி ‘வ’, ‘ர’ என்று தனித்தனியாகப் படிக்க நேரும்.

சாய்க்க வேண்டுமா, வளைக்க வேண்டுமா? அதையெல்லாம் இப்போதே செய்துவிடுங்கள். கண்ட்ரோல் + டி அழுத்தி 5 அல்லது 6 டிகிரி இடப்பக்கம் திருப்பினால், சொல் மேல்நோக்கி ஏறுவது போன்ற பழைய விளம்பரத் துள்ளல் வந்துவிடும். சுவர் கட்டிய பிறகு திருப்பினால் சுவரின் திசையும் சேர்ந்து திரும்பி, நிழல் கணக்கு எல்லாம் குழம்பிவிடும்.

இங்கே ஒரு சொந்தக் கதை. ஒருமுறை ஒரு நிகழ்ச்சிக்கான பதாகையில் இதே சொல்லுக்கு ஆல்ட் விசையோடு அம்புக்குறியை எண்பது முறை தட்டித் தட்டிச் சுவர் எழுப்பி, நிறம் தீட்டி, கறை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: “லகரம் தப்பு.” நான் ‘வானொளி’ என்று அடித்திருந்தேன். ஒலிக்கும் ஒளிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்ற பெயர் ஒருபக்கம், எண்பது லேயரையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கிய இரவு மறுபக்கம். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒன்று, அசல் எழுத்து லேயரைப் பிரதி எடுத்து, கண் சின்னத்தை அணைத்து, அடியில் பத்திரமாக வைத்துவிடுவேன். இரண்டு, சொல்லை வேறு யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொன்ன பிறகுதான் அடுத்த படிக்குப் போவேன்.

ஒளி எங்கிருந்து?

சுவரை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமுமாக, 45 டிகிரியில் இறக்கப்போகிறோம். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரிவது இரண்டே இரண்டு வகைச் சுவர்: வலதைப் பார்ப்பவை, தரையைப் பார்ப்பவை. ஒளி மேல் வலது மூலையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் வலச் சுவர் வெளிச்சமாகவும் அடிச்சுவர் இருட்டாகவும் இருக்கும். வகரத்தின் வளைவு மாதிரி வலதிலிருந்து அடிப்பக்கத்துக்குத் திரும்பும் இடங்களில் வெளிச்சம் மெல்ல இருளாகும்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் சுவர் முழுவதையும் ஒரே பழுப்பு நிறத்தில் விட்டுவிடுகின்றன. நேர்கோடுகளாலான ரோமன் எழுத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இருட்டாக்க வேண்டிய பகுதியைக் கோடு போட்டுத் தேர்ந்தெடுத்துக்கூட நிறம் ஏற்றிவிடலாம். தமிழ் எழுத்தில் பாதி வளைவு, சுழி. ஒற்றை நிறத்தில் விட்டால் தட்டையாகத் தெரியும், கையால் நிழல் தீட்டினால் விடிந்துவிடும். இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது.

சுவர் தானாகவே நிழல் பெறும் தந்திரம்

எழுத்து லேயரை இரண்டு பிரதி எடுங்கள். மேலே இருப்பதற்கு ‘முகம்’, கீழே இருப்பதற்கு ‘சுவர்’ என்று பெயரிடுங்கள். முகத்தைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுங்கள்.

‘சுவர்’ லேயரின் நிறத்தைச் சிவப்பு 165, பச்சை 60, நீலம் 42 என்று வையுங்கள். லேயரை இருமுறை சொடுக்கி லேயர் ஸ்டைலில், விளிம்புக்கு ஒளியும் நிழலும் கொடுக்கும் பெவல் அண்ட் எம்பாஸைத் திறங்கள். ஸ்டைல் இன்னர் பெவல், டெக்னிக் ஸ்மூத், டெப்த் 100, சைஸ் 5 பிக்சல், சாஃப்டன் 1. குளோபல் லைட் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட்டு ஆங்கிள் 45, ஆல்டிடியூட் 30 என்று கொடுங்கள். கீழே ஹைலைட் மோடை நார்மலாக்கி நிறம் 214, 92, 48, ஒபாசிட்டி 100. ஷேடோ மோடும் நார்மல், நிறம் 112, 34, 36, ஒபாசிட்டி 100. பார்த்தால் எழுத்தின் வல விளிம்பில் ஆரஞ்சுக் கோடும் அடி விளிம்பில் கரும்பழுப்புக் கோடும் விழுந்திருக்கும். அவ்வளவுதான் வேண்டும். லேயர் மெனுவில் ராஸ்டரைஸ், அதில் லேயர் ஸ்டைல் என்பதை அழுத்தி இதைச் சாதாரணப் படமாக்கிவிடுங்கள்.

இதன் நியாயம் இதுதான். பிரதிகளை ஒவ்வொரு பிக்சலாக வலமும் கீழுமாக நகர்த்தி அடியில் அடுக்கும்போது, ஒவ்வொரு பிரதியிலும் வெளியே எட்டிப் பார்ப்பது ஒரு பிக்சல் விளிம்பு மட்டும்தான். அந்த விளிம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கேற்ற நிறத்தைப் பெவல் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஆகவே அடுக்கி முடித்ததும் வலச் சுவர் முழுக்க ஆரஞ்சு, அடிச்சுவர் முழுக்கக் கரும்பழுப்பு, வளைவில் இரண்டும் கலந்த நிறம். தூரிகையைத் தொடவே வேண்டாம்.

அறுபத்து நான்கு பிரதிகள், ஆறே நகர்த்தல்

மூவ் டூல் கையில் இருக்கும்போது ஆல்ட் + அம்புக்குறி அழுத்தினால் ஒரு பிக்சல் தள்ளிப் புதிய பிரதி விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. கை வலிக்கும், லேயர் பட்டியல் நீண்டுகொண்டே போகும், இடையில் தட்டிய எண்ணிக்கை மறந்தும்போகும். நான் இரட்டிப்பு முறைக்கு மாறி வெகுநாளாயிற்று.

முதலில் கண்ட்ரோல் + ஜே அழுத்தி ‘சுவர்’ லேயரைப் பிரதி எடுங்கள். இப்போது கீழே இருக்கும் லேயரைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் 1 பிக்சல், கீழே 1 பிக்சல் நகர்த்துங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஈ அழுத்தி ஒன்றாக்குங்கள். இரண்டு பிரதி தடிமன் வந்துவிட்டது. மறுபடி கண்ட்ரோல் + ஜே, கீழுள்ளதை வலம் 2, கீழ் 2, ஒன்றாக்கு. இப்போது நான்கு. அடுத்து 4 பிக்சல், பிறகு 8, பிறகு 16, கடைசியாக 32. ஆறாவது முறை முடியும்போது 64 பிரதிகள் அடுக்கியதற்குச் சமம், ஆழம் 63 பிக்சல். 650 பிக்சல் உயர எழுத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. என் கண்ணுக்கு எட்டில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரைதான் அழகு. அதைத் தாண்டினால் சொல் பெட்டிக்குள் அடைத்ததுபோல் கனத்துவிடும்.

அம்புக்குறியை ஷிஃப்டோடு அழுத்தினால் 10 பிக்சல் போகும். ஆகவே 16 என்பது ஷிஃப்டோடு ஒருமுறை, தனியாக ஆறு முறை. 32 என்பது ஷிஃப்டோடு மூன்று, தனியாக இரண்டு. வலம் முடித்த பிறகு கீழே அதே எண்ணிக்கை.

ஒரே ஒரு கவனம்: நகர்த்துவது எப்போதும் கீழுள்ள லேயராக இருக்க வேண்டும். மேலே உள்ளதை நகர்த்திவிட்டால் தூரத்துப் பிரதி முன்னால் வந்து நிற்கும், சுவரின் வரிசை தலைகீழாகி, நிழலுக்குப் பதில் எழுத்தின் உட்பகுதி நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், பிழை இங்கேதான்.

அடிக்கடி செய்பவர்கள் இந்தப் படிகளை மறுபடி தானாக ஓட்டும்படி ஆக்‌ஷனாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவின்போது லேயரை மவுஸால் சொடுக்கினால் லேயரின் பெயரும் பதிவாகிவிடும், அடுத்த கோப்பில் அந்தப் பெயர் இல்லாமல் ஆக்‌ஷன் நின்றுவிடும். ஆல்ட் + இடச் சதுர அடைப்புக்குறி கீழ் லேயருக்கும், ஆல்ட் + வலச் சதுர அடைப்புக்குறி மேல் லேயருக்கும் போகும். அவற்றைப் பயன்படுத்திப் பதியுங்கள்.

கிம்பில் குறுக்குவழி

கிம்ப் 2.10 வந்ததிலிருந்து, அதாவது 2018 முதல், ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ என்ற பகுதிக்குள் ‘லாங் ஷேடோ’ என்று ஒன்று இருக்கிறது. முதலில் எழுத்து லேயரை லேயர் மெனுவில் உள்ள ‘லேயர் டு இமேஜ் சைஸ்’ கொடுத்துக் கேன்வாஸ் அளவுக்கு விரித்துவிடுங்கள், இல்லையென்றால் சுவர் லேயரின் எல்லையில் வெட்டுப்படும். பிறகு லாங் ஷேடோவில் ஸ்டைல் ஃபைனைட், ஆங்கிள் 45, லெங்த் உங்கள் விருப்பம், நிறத்தையும் கொடுங்கள். ஒரே அடியில் சுவர் வந்துவிடும், விளிம்பும் சுத்தமாக இருக்கும். 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் ஃபில்டர் அழியாமல் லேயரோடேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் எழுத்துப் பிழையைப் பிறகும் திருத்தலாம். என் வானொளிக் காலத்தில் இது இருந்திருக்க வேண்டும். குறை ஒன்றே: சுவர் ஒற்றை நிறம். இரு நிறம் வேண்டுமென்றால் கிம்பிலும் மேலே சொன்ன இரட்டிப்பு முறைதான்.

சுழியும் புள்ளியும்

சுவர் முடிந்ததும் முகத்தை மறுபடி காட்டுங்கள். அதன் நிறம் 244, 190, 72, மாம்பழ மஞ்சள். இந்த நேரத்தில் 100 சதவிகிதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள்.

னகரத்தின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை 63 பிக்சலைவிடச் சிறியது என்றால் அது முழுக்கச் சுவரால் அடைபட்டிருக்கும். அது இயற்கைதான், ஆழமான குழிக்குள் பார்த்தால் எதிர்ச்சுவர்தானே தெரியும். ஆனால் சுவரின் நிறம் முகத்தைவிடத் தெளிவாகக் கருமையாக இல்லையென்றால் சுழி காணாமல் போய், எழுத்தே வேறாகத் தோன்றும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் சொல் படிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

இன்னொன்று புள்ளி. ‘வானொலி’யில் புள்ளி இல்லை, உங்கள் சொல்லில் இருக்கலாம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் சுவரின் ஆழத்தைவிடக் குறைவு. ஆகவே புள்ளியின் சுவர் கீழே இறங்கி எழுத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும், ‘ம்’ ஏதோ கொண்டை போட்ட ‘ம’ மாதிரி இருக்கும். இதற்கு மருந்து சுவர் கட்டுவதற்கு முன்பே போட வேண்டும். எழுத்து லேயரை வலச் சொடுக்கில் ‘கன்வர்ட் டு ஷேப்’ ஆக்கி, பாத் தேர்வுக் கருவியால் புள்ளியை மட்டும் பிடித்து 30, 40 பிக்சல் உயர்த்துங்கள். கொஞ்சம் பெரிதாக்கினாலும் தப்பில்லை. பெயர்ப்பலகை எழுதும் கை புள்ளியை இப்படித்தான் தாராளமாக வைக்கும்.

முகத்துக்கு ஒரு கரை

முகமும் சுவரும் நேராக ஒட்டினால் ஏதோ குறைவதுபோல் இருக்கும். முகம் லேயருக்கு லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக் சேருங்கள்: பொசிஷன் இன்சைட், 10 பிக்சல், நிறம் 250, 236, 205. மஞ்சள் முகத்தைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் ஒரு கரை ஓடும், சுவரிலிருந்து முகம் பட்டென்று பிரிந்து நிற்கும். அவுட்சைடு கொடுத்தால் கரை சுவரின்மேல் வழிந்து ஆழத்தைத் தின்றுவிடும், இன்சைடுதான் சரி.

முகத்துக்குள் கிரேடியன்ட் (ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறுவது) போடலாமா? போடலாம், மேலே மஞ்சள், கீழே கொஞ்சம் ஆரஞ்சு என்ற அளவில். எண்பதுகளின் குரோம் பாணி வேண்டுமென்றால் மட்டும் கதை வேறு: மேலிருந்து அடர்நீலம், வெளிர்நீலம், நடுவில் ஏறக்குறைய வெள்ளை, அதை ஒட்டி உடனே கரும்பழுப்பு, பிறகு கீழே வரவர மணல் நிறம். வானமும் அடிவானமும் பாலைவனமும் உலோகத்தில் பிரதிபலிப்பதாகக் கற்பனை. வெள்ளையும் பழுப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டு நிற முனைகளையும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் அந்த அடிவானக் கோடு கூர்மையாக விழும். அது போஸ்டர் ரெட்ரோ இல்லை, வீடியோ கேசட் உறை ரெட்ரோ. இரண்டையும் ஒரே சொல்லில் கலக்காதீர்கள்.

சுவருக்கும் பின்னால் விழும் நிழல்

ஒளி மேல் வலதில் இருப்பதால் நிழல் இடது கீழ்ப் பக்கமாகத்தான் விழ வேண்டும். பலர் சுவர் போன திசையிலேயே நிழலையும் இழுத்துவிடுவார்கள், அப்போது சுவர் இன்னும் நீண்டதுபோல் தெரியுமே தவிர நிழலாகத் தெரியாது. முகம் லேயரின் ஸ்டைல் இல்லாத ஒரு பிரதியைச் ‘சுவர்’ லேயருக்குக் கீழே கொண்டுபோய் ராஸ்டரைஸ் செய்து, வலம் 63, கீழ் 63 நகர்த்துங்கள். அதுதான் எழுத்தின் பின்முதுகு இருக்கும் இடம். அங்கிருந்து அதே இரட்டிப்பு முறையில் இம்முறை இடமும் கீழுமாக 1, 2, 4, 8, 16 என்று ஐந்து தடவை. நிறம் 200, 165, 118, பிளெண்டிங் மோட் (கீழுள்ள லேயரோடு நிறம் கலக்கும் விதம்) மல்டிப்ளை. மங்கல் எதுவும் வேண்டாம். மை அச்சில் மங்கலான நிழல் கிடையாது, இருந்தால் மையின் புள்ளிகளாகத்தான் இருக்கும்.

அந்தப் புள்ளி நிழல்தான் உங்களுக்குப் பிடிக்குமென்றால்: நிழல் லேயரைச் சாம்பல் நிறமாக்கி, அதன்கீழ் முழு வெள்ளை லேயர் ஒன்று வைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, காசியன் பிளர் 30 பிக்சல் கொடுங்கள். பிறகு ஃபில்டர் மெனுவில் பிக்ஸலேட், கலர் ஹாஃப்டோன். மேக்ஸிமம் ரேடியஸ் 12. கீழே நான்கு சேனலுக்கும் வேறுவேறு கோணம் இருக்கும், நான்கையும் 45 ஆக்கிவிடுங்கள். அப்போதுதான் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்து சுத்தமான கறுப்புப் புள்ளிகள் கிடைக்கும், இல்லையென்றால் வானவில் சிதறல்தான். லேயரை மல்டிப்ளை ஆக்கினால் வெள்ளை மறைந்து புள்ளிகள் மட்டும் நிற்கும். கிம்பில் இதே வேலைக்கு டிஸ்டார்ட்ஸ் பகுதியில் நியூஸ்பிரின்ட் இருக்கிறது.

ஒரு புள்ளியில் குவியும் சுவர்

சில போஸ்டர்களில் எழுத்தின் சுவர்கள் எல்லாம் கீழே ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அதற்கு நகர்த்தக் கூடாது, சுருக்க வேண்டும். எழுத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (எத்தனை முறை சுருக்கினாலும் தரம் குறையாத லேயர்) ஆக்கி, கண்ட்ரோல் + ஆல்ட் + டி அழுத்துங்கள். நடுவில் தெரியும் மையக் குறியைக் கேன்வாஸின் அடியில், சுவர்கள் குவிய வேண்டிய இடத்துக்கு இழுங்கள். அது தெரியவில்லையென்றால் மேல் பட்டையின் இடக்கோடியில் உள்ள சிறு பெட்டியில் குறி போட வேண்டும். அகலம், உயரம் இரண்டிலும் 99.9 என்று கொடுத்து என்டர். பிறகு கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + டி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதே சுருக்கம் புதிய பிரதியில் நடக்கும். நூறு முறை அழுத்தினால் கடைசிப் பிரதி ஏறக்குறைய 90 சதவிகிதம் இருக்கும்.

99 என்று கொடுத்தால் பத்து முறையிலேயே முடிந்துவிடுமே என்று தோன்றும். குவிபுள்ளியிலிருந்து 1000 பிக்சல் தள்ளியிருக்கும் எழுத்து 99 சதவிகிதத்தில் ஒவ்வொரு முறையும் 10 பிக்சல் தாவும், சுவர் படிக்கட்டாகிவிடும். 99.9 என்றால் ஒரு பிக்சல்தான் தாவும். முடிந்ததும் புதிய பிரதிகள் மேலே இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லேயர் மெனுவில் அரேஞ்ச், ரிவர்ஸ் அழுத்தினால் வரிசை சரியாகிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் சாதாரண லேயரில் இதைச் செய்தால் சுருக்கத்தின்மேல் சுருக்கம் ஏறி, பின்னால் போகப்போகச் சுவர் கலங்கிவிடும்.

அச்சு வாசனை

இதுவரை செய்தது சுத்தமாக இருக்கும், கொஞ்சம் அதிகச் சுத்தம். மூன்று சிறு கறைகள் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே புதிய லேயர், 50 சதவிகிதச் சாம்பல் நிரப்பி, பிளெண்டிங் மோட் சாஃப்ட் லைட். ஃபில்டரில் நாய்ஸ், ஆட் நாய்ஸ், 6 சதவிகிதம், காசியன், மோனோகுரோமாடிக். காகித மணல் வந்துவிடும்.

அடுத்து மை படியாத இடங்கள். முகம் லேயருக்கு மாஸ்க் (கறுப்பான இடத்தில் லேயரை மறைக்கும் திரை) சேர்த்து, மாஸ்க்கில் நின்றுகொண்டு ஃபில்டரில் ரெண்டர், கிளவுட்ஸ் ஓட்டுங்கள். பிறகு கண்ட்ரோல் + எல் அழுத்தி லெவல்ஸில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நெருக்கிக்கொண்டே வந்தால் மேகம் சிதைந்து அங்கங்கே சிறு ஓட்டைகளாகும். ஓட்டை வழியாகப் பின்னால் உள்ள சுவரின் நிறம் எட்டிப்பார்க்கும். ஐந்து சதவிகிதப் பரப்புக்கு மேல் போனால் பழமை போய்ப் பாழடைந்தது ஆகிவிடும். ஸ்ட்ரோக் ஓட்டைகளைச் சுற்றியும் கரை கட்டினால், லேயர் ஸ்டைலின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் ‘லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்’ என்பதில் குறி போடுங்கள்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது: அச்சு விலகல். ஒவ்வொரு நிறத்தையும் தனியாக அச்சிட்ட காலத்தில் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தால்கூட நிறம் கோட்டைத் தாண்டும். முகம் லேயரை மட்டும் இடப்பக்கம் 4 பிக்சல், மேலே 3 பிக்சல் தள்ளிவிடுங்கள். சுவருக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்று தெரியும். பார்ப்பவர் அதைக் கவனிக்கமாட்டார், ஆனால் கையால் செய்தது என்று நினைப்பார்.

சுருக்கிச் சேமித்தல்

பிஎஸ்டி கோப்பை முழு அளவில் சேமித்த பிறகு இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் எடுத்து, அதை ஃபிளாட்டன் செய்து, இமேஜ் சைஸில் 50 சதவிகிதமாக்குங்கள். ரீசாம்பிள் பைக்யூபிக் ஷார்ப்பர். விளிம்பில் பற்கள் மறைந்திருக்கும்.

இணையத்துக்குப் பிஎன்ஜி கொடுங்கள். ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கும். ஆரஞ்சுச் சுவரும் வெண்ணெய்க் கரையும் சந்திக்கும் கோட்டில் அது சிவப்பாகக் கசியும். ஜேபெக்தான் கட்டாயம் என்று யாராவது கேட்டால் தரத்தை 90-க்குக் கீழே இறக்காமல் கொடுங்கள், அனுப்பும் முன் ‘னொ’வின் கொம்புப் பக்கம் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், கசிவு முதலில் அங்கேதான் தெரியும்.